பழைய தொட்டியில் மீன்கள் திடீரென்று சாவது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். சென்னையில் வீடு. மூன்றடித் தொட்டி, இரண்டரை வருடமாக ஓடுகிறது. நான்கு ஏஞ்சல், பத்து விடோ டெட்ரா, இரண்டு கௌராமி, ஒரு சக்கர், கொஞ்சம் நத்தைகள். ஆரம்பத்திலிருந்தே கேன் தண்ணீர்தான். மாதம் ஒரு கேன் மாற்றுவீர்கள், இடையில் ஆவியாகிக் குறைவதற்கும் அதையே ஊற்றுவீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம் என்று தொட்டியைச் சுத்தம் செய்தீர்கள். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அன்று கேன் கிடைக்காததால் போர் தண்ணீரை ஊற்றி, குளோரின் எடுக்கும் சொட்டு மருந்தும் விட்டீர்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெளுக்கும் வரை பிழிந்து கழுவி மாட்டினீர்கள். திங்கள் விடிகாலையில் மூன்று ஏஞ்சலும் நான்கு டெட்ராவும் செத்துக் கிடந்தன. செவ்வாய் இரவுக்குள் மொத்தம் 11. மிச்சம் இருப்பவை மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கடையில் நீல மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்திருக்கிறார்கள். என்ன நோய், மருந்தைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருந்தைப் போடாதீர்கள். இது நோய் இல்லை என்பதில் எனக்கு ஏறக்குறைய சந்தேகமே இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் மிச்சமுள்ள ஆறு மீன்களைப் பார்ப்போம்.

தீனியை இன்றே நிறுத்துங்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. இன்னொரு ஏர் ஸ்டோன் இருந்தால் போடுங்கள், தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்க வேண்டும். லைட்டை அணைத்து வையுங்கள். பாதி கேன் தண்ணீர், பாதி போர் தண்ணீர் கலந்து ஒரு பக்கெட்டில் வையுங்கள். இன்று இரவு தொட்டியில் கால்வாசியை மாற்றுங்கள், நாளைக் காலை இன்னொரு கால்வாசி. அப்புறம் ஒரு வாரத்துக்குத் தினமும் ஐந்தில் ஒரு பங்கு. ஊற்றும்போது மெல்லிய டியூபில் மெதுவாக இறங்கட்டும். அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவம், ப்ரைம் மாதிரியானது, கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வைத்திருக்கும் சாதாரண ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து பெரும்பாலும் ஹைப்போ கரைசல்தான், அது குளோரினை எடுக்கும், அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. உங்கள் தொட்டியில் கல் போக 130 லிட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 130 கிராம் கல் உப்பை மூன்று தவணையாக, ஒவ்வொரு தடவையும் ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். எதற்கு என்று கீழே சொல்கிறேன். யாராவது எலுமிச்சம்பழச் சாறோ வினிகரோ விட்டு பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்), இறக்கச் சொன்னால் கேட்காதீர்கள். இந்த மீன்கள் இன்னொரு குலுக்கலைத் தாங்காது.

சரி, காரணத்துக்கு வருகிறேன்.

உங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். நத்தைகளின் ஓடு சில மாதங்களாகவே வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, நுனியில் குழி விழுந்திருக்கிறது என்றும், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்றும். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தடயம் அதுதான். நத்தை ஓடு கால்சியம் கார்பனேட். தண்ணீர் அமிலமானால் அது கரையும். அதாவது, உங்கள் தொட்டித் தண்ணீர் பல மாதங்களுக்கு முன்பே அமிலமாகிவிட்டது, உங்களுக்கு அது தெரியவில்லை. மீன்களும் காட்டிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் மெதுவாக நடக்கும் எந்த மாற்றத்துக்கும் மீன் பழகிக்கொள்ளும்.

கேன் தண்ணீர் ஆர்ஓ-வில் வடிகட்டியது. குடிக்க நல்லது, ஆனால் அதில் அமிலத்தைச் சமன் செய்யும் கார்பனேட் மிகக் குறைவு, கேஎச் என்று சொல்கிறோமே அது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் உள்ள பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 மில்லிகிராம் கார்பனேட் காரத்தன்மை செலவாகும். போர் தண்ணீரில் அது தாராளமாக இருக்கும். கேன் தண்ணீரில் இருப்பதே கொஞ்சம், மாதம் ஒரு கேனில் வருவது எந்த மூலைக்கு? இரண்டரை வருடத்தில் கையிருப்பு தீர்ந்து பிஎச் 6 பக்கம் இறங்கியிருக்கும். அந்த அளவுக்கு இறங்கினால் ஃபில்டர் பாக்டீரியாவும் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அம்மோனியா சேர ஆரம்பிக்கிறது.

அப்படியானால் அப்போதே மீன்கள் ஏன் சாகவில்லை? அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், அதில் ஆபத்து குறைவு. இன்னொன்று அம்மோனியா, அதுதான் செவுளைப் பொசுக்கும் விஷம். எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் சூடும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி தண்ணீரில் பிஎச் 6 என்றால் மொத்தத்தில் 1000-ல் 1 பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் 100-ல் 7 பங்குக்கு மேல்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய தண்ணீரில் மொத்த அம்மோனியா 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்), பிஎச் 6.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷ அம்மோனியா 0.005 பிபிஎம்தான், மீன் சாதாரணமாக நீந்தும். பாதித் தண்ணீரை மாற்றியதும் மொத்தம் 2 பிபிஎம்மாகக் குறைந்துவிட்டது. ஆனால் போர் தண்ணீரின் காரத்தில் பிஎச் 7.8-க்கு ஏறியிருந்தால் விஷ அம்மோனியா 0.1 பிபிஎம். நீங்கள் பாதி அழுக்கை வெளியே எடுத்தீர்கள், விஷம் 20 மடங்கு ஆனது. இந்த எண்கள் என் ஊகம், ஆனால் நடந்த விதம் இதுதான். சாயங்காலம் வரை சும்மா இருந்து, இரவில் மூச்சு வாங்கி, விடிகாலையில் செத்திருக்கின்றன.

கூடவே வேறு இரண்டும் சேர்ந்துகொண்டன. கேன் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பத்து மடங்குகூட வித்தியாசப்படலாம், உடம்பில் உப்பையும் நீரையும் சமன்படுத்தும் வேலை ஒரே நாளில் தடுமாறிவிடும். அப்புறம் ஸ்பாஞ்ச். அதில் பழுப்பாகப் படிந்திருந்ததில் பெரும்பகுதி உயிருள்ள பாக்டீரியா. அதை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து மாட்டினால் போதும். நீங்கள் அக்கறையோடுதான் சுத்தம் செய்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. பழைய தொட்டியில் இந்தத் தப்பு நடப்பது பெரும்பாலும் அக்கறை உள்ளவர்கள் கையால்தான்.

கௌராமியும் சக்கரும் பிழைத்திருப்பது இதோடு பொருந்துகிறது. கௌராமிக்குத் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருக்கிறது, சக்கரும் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். செவுள் பாதி வெந்தாலும் இவை கொஞ்ச நாள் ஓட்டிவிடும். ஏஞ்சலுக்கு அந்த வழி இல்லை.

நான் ஏன் நோய் என்ற எண்ணத்தையே முதலில் ஒதுக்கினேன் என்று சொல்ல வேண்டும், அடுத்த தடவை உங்களுக்கே உதவும். மீன் செத்தால் எல்லோரும் செத்த மீனின் உடம்பில் புள்ளி, புண் தேடுவார்கள். நான் முதலில் கேட்பது நேரத்தை. எத்தனை மீன், எத்தனை மணி நேரத்தில், எந்த இனம் முதலில், எந்த இனம் கடைசியில்? தொற்று நோய் இன்று ஒன்று, இரண்டு நாள் கழித்து ஒன்று, அப்புறம் இரண்டு என்று வரும். அதற்கு முன்பே ஒரு மீன் மூலையில் ஒதுங்கும், தீனியைத் துப்பும், துடுப்பு மடங்கிக் கிடக்கும். வேறு வேறு இன மீன்கள் ஒரே இரவில் ஏழு சாகின்றன என்றால் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சாவு எப்போதும் விடிகாலையில், பெரிய மீன்கள் முதலில், சின்னதும் கௌராமியும் தப்பிக்கின்றன என்றால் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரியில் 1 லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதத்தில் நம் வீட்டுத் தொட்டிகள் 32, 33 தொடும். செடி நிறைய இருந்தால் இரவெல்லாம் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, நாலு மணி வாக்கில்தான் மிகக் குறைவு. காலையில் லைட் போட்டு ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியானது போல இருக்கும். அதனால் பலருக்கு இது பிடிபடுவதே இல்லை.

கரண்ட் போவதும் இதே கணக்கில்தான் வரும், ஆனால் அதில் ஒரு திருப்பம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் நான்கு நாள் கரண்ட் இல்லை. ஒரு மக்கால் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றுவது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும் வீட்டில் முறை வைத்துச் செய்தோம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஐந்தாம் நாள் கரண்ட் வந்த சந்தோஷத்தில் கேனிஸ்டர் ஃபில்டரைத் திறந்து பார்க்காமல் ஸ்விட்சைப் போட்டேன். குழாயிலிருந்து கறுப்பாக ஒரு ஓட்டம் வந்தது, அழுகிய முட்டை நாற்றம் கூடம் முழுக்க அடித்தது. நான்கு நாள் கையால் காப்பாற்றிய மீன்கள் ராத்திரிக்குள் போய்விட்டன. மூடிய ஃபில்டருக்குள் ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து, நல்ல பாக்டீரியா செத்து அழுகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. இன்றும் அந்த நாற்றம் எனக்கு மறக்கவில்லை. வெயில் காலத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஃபில்டர் நின்றிருந்தால் முதலில் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டுங்கள், ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசுங்கள், அப்புறம் ஸ்விட்ச்.

இன்னொரு வகை, தண்ணீரிலும் தப்பில்லை, மீனிலும் நோயில்லை, விஷம் காற்றில் வருகிறது. ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசு ஸ்ப்ரே, கரப்பான் ஸ்ப்ரே, எறும்பு சாக்பீஸ் தூள், கீழ் வீட்டில் பூச்சி மருந்து அடித்த வாடை, தெருவில் கொசு மருந்துப் புகை அடித்துப் போகும் வண்டி, எல்லாமே இந்த வழியாக உள்ளே போகலாம். இவற்றில் பலவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. மனிதனுக்கு அவ்வளவு தொந்தரவு தராத அளவே மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். மீன் மேலே வந்து மூச்சு வாங்காது, மாறாக வெட்டி வெட்டித் துடிக்கும், சுருண்டு சுருண்டு நீந்தும், கண்ணாடியில் மோதும். இறால் எல்லாம் செத்து நத்தைகள் சும்மா ஊர்ந்துகொண்டிருந்தால் எனக்கு முதல் சந்தேகம் இதுதான், பைரித்ராய்டை நத்தைகள் பெரும்பாலும் தாங்கிவிடும். நத்தையும் சேர்ந்து செத்தால் செம்பு கலந்த மருந்து ஏதாவது போட்டார்களா என்று கேட்பேன். வீட்டில் மருந்து அடிக்கும் நாளில் பம்பை அணைத்து, தொட்டியை ஈரத் துணியால் மூடி, அடித்த பிறகு அறையை நன்றாகக் காற்றாட விட்டபின்தான் போட வேண்டும். எத்தனை மணி நேரம் பம்ப் நிற்கலாம் என்பது மீன் கூட்டத்தைப் பொறுத்தது. நெருக்கடியான தொட்டி என்றால் பம்பையே வேறு அறையில் வைத்து நீள டியூபில் காற்றைக் கொண்டுவாருங்கள்.

செவுளைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். மீன் செத்து அரை மணிக்குள் பார்க்க வேண்டும், அதற்கு மேல் எல்லாச் செவுளும் வெளுத்துத்தான் போகும். ஈரமான தட்டில் மீனைக் கிடத்தி, பல் குத்தும் குச்சியால் செவுள் மூடியை மெதுவாகத் தூக்கி, செல்போன் டார்ச்சில் பாருங்கள். நல்ல செவுள் செக்கச் சிவப்பு, இழை இழையாகப் பிரிந்திருக்கும். டிகாக்ஷன் நிறத்தில் பழுப்பாக இருந்தால் நைட்ரைட், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போனதன் நிறம் அது. இழைகள் ஒட்டிக்கொண்டு சளி படிந்து, அங்கங்கே இரத்தம் கசிந்திருந்தால் அம்மோனியாவோ குளோரினோ. வெளிறி, சாம்பல் சளியோடு, ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டே சில நாள் நீந்திய மீன் என்றால் செவுள் புழுவாக இருக்கலாம்.

உண்மையான நோய்களில் பழைய தொட்டியைச் சீக்கிரம் காலி செய்வது காலம்னாரிஸ். பாக்டீரியா, ஆனால் பஞ்சு மாதிரி இருப்பதால் பூஞ்சை என்று நினைத்துவிடுவார்கள். முதுகுத் துடுப்புக்குக் கீழே சேணம் போட்டது போல வெளிறிய பட்டை, வாயில் பஞ்சு. தண்ணீர் சூடாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும், அதனால் இதற்குத் தண்ணீரைச் சூடாக்கக் கூடாது. வெள்ளைப் புள்ளி நோய் ரவையைத் தூவியது போல வரும், சென்னையில் அதைப் பெரும்பாலும் மழைக்குப் பிறகு டிசம்பர், ஜனவரியில்தான் பார்க்கிறேன். வெல்வெட் என்ற நோய் அதைவிட நைசான பொன் தூள் போல வரும், அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தெரியும். இவை அத்தனைக்கும் பொதுவான ஒரு கேள்வி: கடந்த நான்கு வாரத்தில் புது மீன், புதுச் செடி, அடுத்த தொட்டியின் வலை ஏதாவது உள்ளே வந்ததா? அப்படி எதுவும் வரவில்லை என்பது உங்கள் பதில். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் எவ்வளவு நல்ல மீனாக வாங்கினாலும் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துத்தான் சேர்க்க வேண்டும், இது கடையின் நேர்மையைப் பற்றிய பேச்சு இல்லை. பல ஊர் மீன்கள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன, அவ்வளவுதான்.

மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர், ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று. அபார்ட்மென்ட் சம்ப்பில் ஒரு நாள் மெட்ரோ, ஒரு நாள் லாரி, ஒரு நாள் போர் என்று விழும். மெட்ரோவிலேயே ஏரித் தண்ணீரும் உண்டு, 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் தொடங்கிய ஆலைகளின் கடல்நீர் சுத்திகரித்த தண்ணீரும் உண்டு. ஒரே குழாய் என்பதால் ஒரே தண்ணீர் என்று நம்பாதீர்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டரை ஊற்றுவதற்கு முன் பக்கெட்டில் நனைத்துப் பாருங்கள். தொட்டியின் எண்ணோடு பெரிய இடைவெளி இருந்தால் அன்று குறைவாக மாற்றுங்கள்.

திரும்ப உங்கள் தொட்டிக்கு வருகிறேன். இந்த இரவு தாண்டினாலும் ஆபத்து முடியவில்லை. கழுவிய ஸ்பாஞ்சில் பாக்டீரியா திரும்ப வளரும்போது முதலில் அம்மோனியா இறங்கும், அடுத்து நைட்ரைட் ஏறும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மீண்டும் மேலே வந்து மூச்சு வாங்கினால் அதுதான். கல் உப்பு அதற்காகத்தான். உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு ஏற்ப லிட்டருக்கு ஒரு கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் வீட்டில் மருந்து எதுவும் போடாத, நோயில்லாத தொட்டி இருந்தால் அவருடைய பழைய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி வாங்கி உங்கள் ஃபில்டரில் செருகுங்கள், வாரக்கணக்கு நாள்கணக்காகக் குறையும். கடைத் தொட்டியிலிருந்து மட்டும் வாங்க வேண்டாம். நீல மருந்தை இந்தத் தொட்டியில் விட்டால் வளர்ந்து வரும் பாக்டீரியாவும் கெடும். ஆன்டிபயாடிக்கும் அதே தொல்லையைத் தரலாம், அது தேவைப்படும் நோயும் இங்கே இல்லை.

நாளைக்கு அம்மோனியா, நைட்ரைட், பிஎச், கேஎச் நான்கையும் பாருங்கள், தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டையில் வேண்டாம், சொட்டு விடும் கிட்டில். தொட்டித் தண்ணீர், கேன் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றுக்கும் தனித்தனியாக. அம்மோனியாவைக் கட்டும் திரவம் விட்டிருந்தால் கிட் கட்டிப்போட்ட அம்மோனியாவையும் சேர்த்துத்தான் காட்டும், எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். போர் தண்ணீரின் கேஎச் 10-க்கு மேல் வந்தால் இனி பாதிக்குப் பாதி கலப்பு சரியாக இருக்கும், தொட்டியில் கேஎச் 4-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றம். ஆறு வாரத்துக்குப் புது மீன் வேண்டாம். அந்த எண்களை இங்கே எழுதுங்கள், போர் தண்ணீரின் அளவைப் பார்த்துக் கலப்பைத் திருத்திச் சொல்கிறேன். நத்தைகளில் ஒன்றை இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து ஓட்டின் வாய்ப்பக்கம் புதிதாக வளரும் விளிம்பு குழியில்லாமல் வழவழப்பாக வந்திருந்தால் தண்ணீர் திரும்பிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.